காப்பி கேட்ட கன்னி

சாமி கும்பிடும்போது செல்லப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாதாரணச் சிரிப்பு இல்லை. அடக்க அடக்கத் தோளைப் பிடித்து உலுக்குகிற சிரிப்பு. கூப்பிய கையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. மூடிய கண்ணுக்குள் கன்னி கயிற்றில் தொங்கிக்கொண்டு வந்தாள்.

பக்கத்தில் சூடத்தட்டோடு நின்ற கோமதித்தாய் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சாமி முன்னால் கணவர் இப்படிக் குலுங்கி அவள் கண்டதில்லை.

"அழாதீய," என்றாள் மெதுவாக. "மக போற வீடு உள்ளூருதான? நெனச்சா போய்ப் பாத்துட்டு வரலாம்."

செல்லப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். வாசலில் கூடையை இறக்கிக்கொண்டிருந்த பூக்கார முப்பிடாதியம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"அண்ணாச்சிக்கு என்ன, தாயி?"

"மகள நெனச்சு அழுதாவ."

"பாவம், பெத்த மனசு," என்றாள் முப்பிடாதியம்மாள்.

செல்லப்பா மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். சங்கரன்கோவிலில் பாதி வீட்டுக்காரர்களுக்கு அவரைத் தெரியும்; ஆனால் எந்த வீட்டிலும் மீட்டர் பெட்டியைத் தாண்டி உள்ளே போனவர் இல்லை. தேவையில்லாமல் பேசுவதும் தேவையில்லாமல் சிரிப்பதும் அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவரை இந்தக் கதிக்கு ஆளாக்கியது, மாப்பிள்ளை அனுப்பிய ஒரு படம்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை மகள் மாரிசெல்வி செல்போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி சிரிப்பு?"

"அவுக அனுப்பியிருக்காவப்பா. பழைய பேய்ப் படம். நீங்களும் பாருங்களேன்."

'அவுக' என்றால் அருண்பாண்டியன். ஆவணியில் மாரிசெல்விக்குத் தாலி கட்டப்போகிறவன். ராஜபாளையம் ரோட்டில் வீடு. அப்பா இல்லாத பையன். தென்காசியில் நல்ல வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம், எண்பதுகளில் கையைக் கடித்துக்கொண்டு எடுத்த சிரிப்புப் பேய்ப் படங்களைத் தேடிப்பிடித்து, அவற்றைப் பற்றி வீடியோ போடுவான். குடி இல்லை, சீட்டு இல்லை. நல்ல பையனுக்கு இப்படி ஒரு கோளாறாவது இருக்க வேண்டாமா என்று செல்லப்பா சமாதானம் ஆகியிருந்தார்.

படத்தின் பெயர் 'கல்லறையில் காப்பிக்கடை'. சுடுகாட்டுச் சுவரை ஒட்டி ஒருவன் காப்பிக்கடை போடுகிறான். மனுஷர் யாரும் வருவதில்லை, பேய்கள்தான் வருகின்றன. இவ்வளவுதான் கதை. வானத்தில் நிலா என்று இட்லித்தட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். குழி தெரிந்தது. நிலாவிலும் குழி இருக்கத்தானே செய்கிறது என்று விட்டுவிட்டார்கள் போல. வௌவால் என்று பறந்தது கிழிந்த குடைத்துணி. ஓர் எலும்புக்கூடு நடுக்காட்சியில் தும்மியது.

அப்புறம் மோகினி வந்தாள். வெள்ளைத் தாவணி, விரித்துப்போட்ட கூந்தல், கூந்தலே தெரியாத அளவுக்கு மல்லிகைப்பூ. கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கயிறு நன்றாகத் தெரிந்தது. காலில் ரப்பர் செருப்பு, கையில் வாட்ச். காகித நகம் ஒட்டிய இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கடைக்காரன் கழுத்தை நெரிக்க வந்தவள், பாதி வழியில் நின்று மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தாள்.

"எனக்கு ரத்தம் வேண்டாம்டா, காப்பி குடு! சீனி தூக்கலா!"

மாரிசெல்வி சிரித்துப் புரண்டாள். செல்லப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

மோகினியின் இடது புருவத்துக்கு மேல் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அந்தத் தழும்பு அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் குளித்துவிட்டு ஈரத்துணியால் அதைத் துடைப்பவரே அவர்தான்.

செல்லப்பா வீட்டு உள்ளறையில் ஒரு கன்னி உண்டு. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன வீட்டுப்பெண்ணைச் சாமியாக்கி, ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். வெளியாட்களுக்குக் காட்ட மாட்டார்கள். இந்த வீட்டுக் கன்னி செல்லப்பாவின் அத்தை. அவர் பிறக்கும் முன்பே சின்ன வயதில் காய்ச்சலில் போனவள். அவளுக்குப் போட்டோ கிடையாது. செல்லப்பா காலேஜில் படித்த காலத்தில், தேரடியில் இருந்த ஸ்டூடியோக்காரரிடம் அங்க அடையாளம் சொல்லி, செல்லப்பாவின் தகப்பனாரான அய்யா ஒரு படம் செய்து வாங்கி வந்தார். வெள்ளைத் தாவணி, விரிந்த கூந்தல், நிறையப் பூ, உயர்த்திய இரண்டு கைகள். ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்றார் அய்யா.

"சட்ட பாவாடை போடுத வயசுல செத்தவ எப்படிய்யா தாவணி கட்டியிருக்கா?" என்று செல்லப்பா கேட்டார்.

"ஏலே, கன்னி வளர மாட்டாளா?"

படம் சுவரேறியது.

இப்போது அய்யா இல்லை. ஸ்டூடியோவும் இல்லை, அந்த இடத்தில் செல்போன் கடை நடக்கிறது. படம் மட்டும் சூடப்புகை ஏறி, குங்குமம் அப்பி, சொந்த வீட்டுப் பிள்ளை மாரிசெல்விக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மங்கிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. வாராவாரம் கண்ணாடியைத் துடைத்தவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

பெண்டாட்டியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்.

"கோமதி, கன்னி படத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"நானும் சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றாள் கோமதித்தாய். "கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழம அவளுக்குப் பெருசா பூச வைக்கணும். மாரிசெல்வி போனப்புறம் இந்த வீட்ல எனக்கு அவதான?"

"ஏன், நான் இல்லையா?"

"நீங்க இருக்கீய. ஆனா கேக்கமாட்டீய. நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல ஒங்க அம்ம பேசுத பேச்சுக்கு, நீங்க பாட்டுக்கு ரீடிங் எடுக்கப் போயிருவீய. நான் யார்ட்ட சொல்லுவேன்? அவகிட்டதான் சொன்னேன். பிள்ள இல்லன்னு அழுதேன், குடுத்தா. மாப்ள அமையலன்னு கேட்டேன், குடுத்தா. இன்ன வரைக்கும் ஒரு வார்த்த என்னை எதுத்துப் பேசல."

மாப்பிள்ளையின் ஜாதகத்தை உண்மையில் கொண்டுவந்து கொடுத்தவள் முப்பிடாதியம்மாள். நெற்றியில் புருவம் வரைக்கும் திருநீறு, வாயில் வெற்றிலை, இடுப்பில் கூடை. வெள்ளிக்கிழமை தவறாமல் பூ மார்க்கெட்டிலிருந்து மாலையோடு வருவாள். கோமதித்தாய் கன்னியிடம் வாய்விட்டு முறையிடும்போது பின்னால் உட்கார்ந்து சரம் கட்டிக்கொண்டிருப்பாள். "ராஜபாளையம் ரோட்ல நான் பூக் குடுக்க வீட்ல ஒரு பையன் இருக்கான்" என்று பேச்சை எடுத்ததே அவள்தான். ஆனால் நன்றி முழுவதும் கன்னிக்குப் போயிற்று. அலையாய் அலைகிறவருக்குக் காப்பி, சும்மா இருக்கிறவருக்குப் பொங்கல் என்பதுதானே உலக வழக்கம்.

செல்லப்பா பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். இந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே தோழி. அந்தத் தோழி சினிமாப் பேய் என்று எந்த வாயால் சொல்வது?

"ஒண்ணுமில்ல. படம் ஆடுது, வேற ஆணி அடிக்கணும்னு சொல்ல வந்தேன்," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒருவேளை நம் கண்தான் ஏமாந்ததோ என்று இன்னொரு முறை பார்த்தார். குளத்தங்கரை வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, மகளிடம் வாங்கிப் பதிவு பண்ணிக்கொண்ட படத்தை முழுதாகப் பார்த்தார். மோகினி சுவரைத் துளைத்துக்கொண்டு வருவதாக ஒரு காட்சி. சுவர் துணியில் வரைந்தது, பாதி அவளோடு கூடவே வந்துவிட்டது. அவள் அதைத் தோளில் மேலாடை மாதிரிப் போட்டுக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்து பேசினாள். செல்லப்பா வண்டிமேல் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த நாள் மறுபடி அதே மரத்தடிக்குப் போனார். எட்டுக்குப் பத்து படச்சட்டத்துக்குள் ஆயுசெல்லாம் அசையாமல் நின்றவள் இப்படி ஓடியாடிக் காப்பி குடித்ததைப் பார்க்க அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் கும்பிடும்போது சிரிப்பு வந்தது.

முகம் தெரிந்தால்தானே சிரிப்பு? முகத்தை மறைத்துவிட்டால் தீர்ந்தது என்று, சாயங்காலப் பூசைக்கு முப்பிடாதியம்மாளிடம் பெரிய மாலை ஒன்று கட்டச் சொன்னார்.

"படத்த முழுசா மூடுத மாதிரி இருக்கணும். முகமே தெரியக் கூடாது."

"எதுக்கு அண்ணாச்சி?" என்றாள் அவள் கொஞ்சம் மனத்தாங்கலோடு. "லட்சணமான மொகம்லா?"

"கண்ணு பட்டுரும்."

"அதுவும் சரிதான்," என்று ஒத்துக்கொண்டு, கையளவு தடிமனுக்கு ஒரு மாலையைக் கட்டிக் கொண்டுவந்து மாட்டினாள். கன்னி காணாமல் போனாள். செல்லப்பா நிம்மதியாகக் கும்பிட்டார்.

கோமதித்தாய் சூடத்தைக் காட்டி, "தாயே, மாரிசெல்வி கல்யாணம் எந்தக் கொறையும் இல்லாம நடக்குமா? நீதான் சொல்லணும்," என்று கேட்டாள்.

அவ்வளவு பாரத்தை அந்தப் பழைய ஆணி எத்தனை நேரம் தாங்கும்? ஒரு பக்கம் படம் சாய்ந்தது. மாலை தொப்பென்று கோமதித்தாயின் காலடியில் விழுந்தது.

"பூக் குடுத்துட்டா!" என்று கத்தினாள் கோமதித்தாய். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. முப்பிடாதியம்மாள் குலவை போட்டாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். கோமதித்தாய் உடனே போனை எடுத்தாள்.

"மைனி, கேட்டவுடனே பூக் குடுத்துட்டா! அடுத்த வெள்ளிக்கிழம பூசைக்கு மாப்ளய கூட்டிட்டு வாங்க. வெளியாளுக்கு நாங்க காட்டுத வழக்கமில்ல. நீங்க என்ன வெளியாளா?"

எதிர்முனையில் மாப்பிள்ளையின் அம்மா ராஜகுமாரி. வாரோம் மைனி, கண்டிப்பா வாரோம் என்றாள்.

செல்லப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு அடையாளம் தெரியவில்லை, சரி. அந்தப் படத்தை ஊர் பூராவும் பரப்புகிறவனே நேரில் வந்தால்? அவன் சிரிக்காமல் இருப்பானா? அவன் சிரித்தால் கோமதி தாங்குவாளா? கோமதி கோபப்பட்டால் கல்யாணம் நிற்குமா நடக்குமா?

மறுநாள் காலையில், புது ஆணி அடிக்கும்வரை கீழே இருக்கட்டும் என்று படத்தைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பிரேம் கடை சைஃபுல்லாவிடம் போனார். வெள்ளிக்கிழமை படம் கடையிலேயே இருந்துவிட்டால், ஓலைப்பெட்டியை மட்டும் வைத்துப் பூசையை முடித்துவிடலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான்.

"சட்டம் மாத்தணும், சைஃபுல்லா. ஒண்ணும் அவசரமில்ல. கல்யாணம் முடிஞ்சு குடுத்தாலும் பரவாயில்ல."

"சரி அண்ணாச்சி."

"கண்ணாடி கூட இதே போதும். படம் மங்கலா இருக்கேன்னு பாக்காத. அப்படியே இருக்கட்டும், பரவாயில்ல."

"நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, நீங்க போங்க."

இந்தச் சீமையில் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னால், கேட்கக் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். இரண்டு தடவை சொன்னால் கட்டாயம் வேண்டும் என்று அர்த்தம். செல்லப்பா அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். அவசரத்தில் மறந்துவிட்டார்.

அடுத்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"மாப்ள, வெள்ளிக்கிழம ஒங்களுக்கு வேல இருக்கும். வரமுடியலன்னா பரவாயில்ல."

"என்ன மாமா இப்படிச் சொல்லுதீய? லீவு போட்டு வாரேன்."

செல்லப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "அந்தக் காப்பிக்கடைப் படம் பாத்தேன்," என்று சொல்லிவைத்தார்.

போனுக்குள் அருண்பாண்டியன் குதிப்பது கேட்டது.

"முழுசா பாத்தீயளா? மாமா! எங்க அம்ம அஞ்சு நிமிசம் பாக்க மாட்டக்கா. அது நம்ம சிவகிரிப் பக்கம் எடுத்த படம் தெரியுமா? ஸ்டில் எடுத்தது கூட நம்ம தேரடி ஸ்டூடியோக்காரருதான். நம்ம ஊருக்கு அது வரவே இல்ல. வேற எங்கயோ ஓட்டிப் பாத்து, ஓடலன்னு பொட்டிய மூடிட்டாவ. மோகினியா நடிக்க வந்த பொம்பள சோறு சரியில்லன்னு பாதில ஓடிப்போயிட்டா. கைக்குக் கிடைச்ச உள்ளூர்ப் பொண்ணு ஒண்ணப் பிடிச்சு நடிக்க வச்சிருக்காவ. பேரு 'புதுமுகம்'னு மட்டும்தான் போட்டிருக்கு. நானும் தேடாத எடமில்ல, யாருன்னு தெரியல மாமா."

"கயிறு தெரியுதே மாப்ள. அதப் போய் இப்படிக் கொண்டாடுதீய?"

"அதான் மாமா விசயமே. இப்ப எடுக்க பேய்ப் படத்துல கயிறு தெரியாது. பயந்துட்டு வீட்டுக்கு வாரோம், அவ்வளவுதான். இதுல கயிறு தெரியுது. ஏமாத்தல பாருங்க. நம்மகிட்ட இருக்கது இவ்வளவுதான், மீதிய நீங்க நம்பிக்கோங்கன்னு சொல்லுதாவ. நாமளும் நம்புதோம்லா? கயிறு தெரிஞ்சும் நம்புததுல ஒரு சொகம் இருக்கு மாமா."

செல்லப்பா போனை மறு காதுக்கு மாற்றினார். பையன் சொல்வது படத்தைப் பற்றி மட்டும்தானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"நீங்களும் நம்ம ஆளுதான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது," என்றான் அருண்பாண்டியன். "வெள்ளிக்கிழம பாருங்க, ஒங்களுக்கு ஒண்ணு கொண்டாரேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு பூரா மாவிளக்கு வாசனை. சுவரில் புது ஆணி மட்டும் இருந்தது. "படம் கடைலருந்து வரல, பெட்டியக் கும்பிடுவோம்," என்று செல்லப்பா முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னார். கோமதித்தாய்க்கு மனசே இல்லை. முப்பிடாதியம்மாள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து கடைசிச் சரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை சரசரக்க ராஜகுமாரி வந்தாள். பின்னால் பட்டு வேட்டியில், கையில் ஒரு பெரிய பொட்டலத்தோடு அருண்பாண்டியன் வந்தான்.

அவனுக்குப் பின்னால், அதைவிடப் பெரிய பொட்டலத்தோடு சைஃபுல்லா வந்தான்.

"அண்ணாச்சி கோவிச்சுக்கிடாதீங்க, கொஞ்சம் லேட்டாயிட்டு," என்று மூச்சு வாங்கினான். "கல்யாண வீட்ல மங்கலாவா மாட்டுவாங்க? கம்ப்யூட்டர்ல போட்டு, அழுக்கெல்லாம் எடுத்து, கலர் குடுத்து, பெருசாவும் ஆக்கிட்டேன். என் அன்பளிப்பா வச்சுக்கிடுங்க."

செல்லப்பா தடுப்பதற்குள் தாளைக் கிழித்துவிட்டான்.

கன்னி பளிச்சென்று நின்றாள். உயர்த்திய கைகளில் காகித நகங்கள் தெரிந்தன. வாட்ச் தெரிந்தது. புருவத்துக்கு மேல் தழும்பு தெரிந்தது. தலைக்கு மேலே, இத்தனை காலமும் புகைக்குள் ஒளிந்திருந்த கயிறும் தெரிந்தது.

"மாமா!" என்று கூவிக்கொண்டே அருண்பாண்டியன் தன் பொட்டலத்தைப் பிரித்தான். "ஒங்களுக்கும் இவதான் பிடிக்குமா? நானும் இதத்தான் கொண்டாந்தேன்!"

கல்லறையில் காப்பிக்கடை என்று ரத்தம் சொட்டும் எழுத்துக்குக் கீழே அதே முகம், அதே கை, அதே கயிறு. இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

முதலில் அலறியவள் கோமதித்தாய் இல்லை, ராஜகுமாரி.

"எய்யா! இது எங்க வீட்டுக் கன்னில்லா!"

"என்ன மைனி சொல்லுதீய?" என்றாள் கோமதித்தாய்.

"எங்க மாமனாரு தேரடி ஸ்டூடியோல அடையாளம் சொல்லிச் செஞ்சு வாங்குனது. ஆம்பளைக பாக்கக் கூடாதுன்னு மஞ்சத்துணி போட்டு மூடி வச்சிருக்கோம், நாந்தான் தெறந்து பூ வைப்பேன். எங்க வீட்டுக்காரருக்கு அத்த முற. அவ இங்கன எப்படி வந்தா?"

"இவ இவுகளுக்குல்லா அத்த?"

ராஜகுமாரி விரலை மடக்கி உறவுமுறை போட்டாள். போடப் போட அவள் முகம் கறுத்தது.

"ஒரே கன்னின்னா ஒரே கொடிவழி. ஒரே கொடிவழின்னா நாம பங்காளி. பங்காளி வீட்ல பொண்ணு எடுக்க முடியுமா? இதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சில்லா!"

அருண்பாண்டியன் மாரிசெல்வியைப் பார்த்தான். மாரிசெல்வி விம்ம ஆரம்பித்தாள்.

"அம்மா, இது கன்னியும் இல்ல கத்திரிக்காயும் இல்ல, சினிமாப் பேய்!" என்று அவன் செல்போனை எடுத்துப் படத்தை ஓடவிட்டான். இரண்டு தாய்மார்களும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். மோகினி கயிற்றில் இறங்கிக் காப்பி கேட்டாள்.

"பாவிப்பயலுவ!" என்று கோமதித்தாய் மாரில் அடித்துக்கொண்டாள். "நம்ம கன்னியக் கொண்டுபோய்ச் சினிமால ஆட விட்டிருக்கானுவளே!"

"போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்," என்றாள் ராஜகுமாரி.

"கண்டிப்பா மைனி."

"மைனின்னு சொல்லாதீய. பங்காளி வீடுன்னா நாம இனி ஓரகத்திதான்."

கல்யாணப் பத்திரிகை ஊர் பூராவும் போய்விட்டது. மண்டபம் பேசியாயிற்று. மகள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அவளைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது, அந்த வழியில் போனால் கோமதி உடைந்துபோவாள். செல்லப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கோமதி, இவ என் அத்த இல்ல. மைனி, ஒங்க வீட்டுக்காரருக்கு அத்தயும் இல்ல. அந்தச் சினிமாவுக்கு ஸ்டில் எடுத்தவரே தேரடி ஸ்டூடியோக்காரருதான். படம் படுத்துட்டு, போட்டோ மிஞ்சிப்போச்சு. செத்த பிள்ளைக்குப் படம் இல்லன்னு யார் வந்தாலும், செஞ்சு தாரேன்னு சொல்லி அதுல ஒண்ண எடுத்துக் குடுத்திருக்காரு. எங்க அய்யாவும் வாங்கிட்டாரு, ஒங்க மாமனாரும் வாங்கிட்டாரு. நமக்குள்ள பங்காளி மொறயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கல்யாணத்த நடத்தலாம். எனக்கு ரெண்டு வாரமா தெரியும், கோமதி. சொல்ல மனசு வரல."

ராஜகுமாரி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். வீட்டுக் கன்னி போனது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மருமகள் தங்கியதில் அது தேய்ந்துபோயிற்று. அருண்பாண்டியன் மறுபடி மாரிசெல்வி பக்கம் வந்து நின்றான். சைஃபுல்லா, படத்தைத் திருப்பி மங்கலாக்கவா என்று கண்ணாலேயே கேட்டான்.

கோமதித்தாய் மட்டும் ஓலைப்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஏசவில்லை, அழவும் இல்லை. ஏசியிருந்தால் செல்லப்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒங்க அம்ம ஏசுனதயெல்லாம் சொன்னேனே," என்றாள் படத்தைப் பார்த்தபடி. "மாரிசெல்விக்கு ஒரு நல்லது பண்ணு, அவள ஒரு நல்ல எடத்துல சேத்துருன்னு வாரா வாரம் கேட்டேனே. அப்ப நான் இத்தன வருசமா யார்ட்டதான் பேசிட்டிருந்தேன்?"

செல்லப்பா அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"தாயி, காப்பில சீனி பத்தல," என்றது அடுக்களை வாசலிலிருந்து ஒரு குரல்.

அருண்பாண்டியன் சுண்டிவிட்ட மாதிரித் திரும்பினான். அந்தப் படத்தில் நூறு தடவை கேட்ட குரல் அது. முப்பிடாதியம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள். கட்டி முடித்த சரத்தை எடுத்துத் தன் கொண்டையில் சொருகிக்கொண்டாள். முந்தானையால் நெற்றித் திருநீற்றை அழுத்தித் துடைத்தாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது.

"வேற யார்ட்ட, என்கிட்டதான், பிள்ளைய நான் குடுக்கல தாயி, ஆனா மாப்ள நீ கேட்டு நான் குடுத்ததுதான?"